உங்களுக்குத் தெரியுமா? – ஸ்டார் ஹோட்டலில் சைவச் சாப்பாடு

பாஸ்தா மேல் துருவித் தூவுகிறார்களே, அந்த அசல் பார்மெசான் சீஸ் சைவம் அல்ல. ‘பார்மிஜானோ ரெஜியானோ’ என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை ஊற்றித்தான் பாலைத் திரிக்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. பச்சைப் புள்ளி போட்ட இந்திய சீஸ்களில் நுண்ணுயிரிகளிலிருந்து பெற்ற ரென்னெட் இருக்கும். பனீருக்கு ரென்னெட்டே வேண்டாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும்.

மெனுவில் ‘ஃப்ரெஷ் பாஸ்தா’ என்று இருந்தால், மாவில் முட்டை உண்டா என்று கேளுங்கள். வட இத்தாலியப் பாணியில் முட்டை சேர்த்துத்தான் பிசைவார்கள். பாக்கெட்டில் வரும் உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான்.

மிசோ சூப்பில் கண்ணுக்குத் தெரிவது டோஃபு துண்டுகளும் கடற்பாசியும் மட்டுமே. ஆனால் அதன் ருசி ‘டாஷி’ என்ற சாற்றில் இருக்கிறது. சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டையாக இறுகும்வரை உலர்த்தி, மெல்லிய சீவலாகச் சீவி வெந்நீரில் போட்டு இறுத்த சாறு அது. நம் தென்கடற்கரையிலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கருவாடும் இதே சூரைதான். ஜப்பானின் புத்த மடங்களில் கொம்பு என்ற கடற்பாசியையும் ஷிடாகே காளானையும் ஊறவைத்தே டாஷி எடுக்கிறார்கள். ‘கொம்பு டாஷியில் செய்து தர முடியுமா?’ என்று கேட்டால் நல்ல சமையல்காரருக்கு உடனே புரியும்.

தாய்லாந்து ‘வெஜ் க்ரீன் கறி’யில் கோழிக்குப் பதில் காய்கறி போட்டிருப்பார்கள், கறி விழுதை மாற்றினார்களா என்பதுதான் கேள்வி. வழக்கமான விழுதில் இறால் அரைத்துச் சேர்ப்பார்கள். கொரியக் கிம்ச்சியிலும் உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ இருப்பதே வழக்கம். சீனக் கீரைப் பொரியலில் ஆய்ஸ்டர் சாஸ். ரிசோட்டோவில் சிக்கன் ஸ்டாக். ‘பீஸ் போடாமல் தருகிறோம் சார்’ என்ற பதில் சைவர்களுக்குப் போதாது. சாறு எது, சாஸ் எது என்று தட்டு வருமுன் கேட்பது நம் உரிமை.

பன்னா கோட்டா, மூஸ் போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம். அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. சைனா கிராஸ் போட்டும் இவற்றை உறைய வைக்கலாம்.

சைவத்தாலேயே பெயர் பெற்ற பெரிய உணவகங்களும் உண்டு. உலகின் மிகப் பழைய சைவ உணவகமாகக் கின்னஸ் அங்கீகரித்திருப்பது ஜூரிக்கின் ஹில்டல்; தொடங்கிய ஆண்டு 1898. மிலானின் ஜோயா 1996-இல் மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. துபாயில் இந்தியச் சைவச் சமையல் மட்டுமே பரிமாறும் அவதாராவுக்கு 2023-இல் நட்சத்திரம் கிடைத்தது. நியூயார்க்கின் இலெவன் மேடிசன் பார்க் 2021-இல் முழுக்கத் தாவர உணவுக்கு மாறியும் தன் மூன்று நட்சத்திரங்களை இழக்கவில்லை. 2025-இல் இறைச்சியை மீண்டும் மெனுவில் சேர்த்தது. அதே 2025-இல் பாரிஸின் ஆர்பேஜ், தேன் தவிர விலங்குப் பொருள் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தது. சென்னையில் ஐடிசி கிராண்ட் சோழாவின் ராயல் வேகா முழுச் சைவம். இவ்வளவுக்குப் பிறகும் பனீர், காளான், பேபி கார்ன் மூன்றையே சுற்றிவரும் சைவப் பக்கத்தை எந்தப் பெரிய ஹோட்டலும் நியாயப்படுத்த முடியாது. வாழைப்பூவும் சேனையும் மாகாளிக்கிழங்கும் விளையும் ஊர் இது.

 

மேஜை பதிவு செய்யும்போதே ‘முட்டை, மீன் சாஸ், இறைச்சி ஸ்டாக், ஜெலட்டின் எதுவும் கூடாது’ என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால், சமையலறையில் தனிச் சாறும் தனி விழுதும் தயார் செய்ய அவகாசம் இருக்கும்.