மீதி ஒழிந்தால் பிழை ஒழியுமா?

கணக்கைச் செய்து முடித்ததும் விடையைச் சமன்பாட்டிலே பிரதியிட்டுப் பார்க்குமாறு ஆசிரியர் பணித்தமை பழைய மாணவர் எவர்க்கும் நினைவிருக்கும். இருபுறமும் ஒத்தால் விடை சரி. ஒவ்வாதாயின், மிஞ்சி நிற்கும் வேற்றுமை தவற்றைக் காட்டிக்கொடுக்கும். அவ்வேற்றுமைக்கு மீதி என்று பெயர். அணைக்கட்டின் உறுதியையும் விமானத்தின் மீது காற்று மோதும் வகையையும் கணனியாற் கணித்தறியும் இக்காலத்தும், பொறியியலாளர் கண்ணுங் கருத்துமாக நோக்கியிருப்பது அந்த மீதியையே. அஃது எதனைக் கூறும், எதனைக் கூறாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

இயற்கை நிகழ்ச்சிகளுக்குரிய சமன்பாடுகளை நேரே தீர்த்தல் பெரும்பாலும் இயலாது. ஆதலின், ஆராயும் பொருளை வலைபோலச் சிறு கண்களாகப் பகுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் எளிய சமன்பாடுகளை அமைப்பர். அவை இலட்சக்கணக்கில் வருதலும் உண்டு. ஏதேனும் ஒரு மதிப்பிலே தொடங்கி, அதனைப் படிப்படியாகத் திருத்திச் செல்லுதல் அவற்றைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாகும். ஜேர்மன் கணித மேதை கவுஸ், 1823ஆம் ஆண்டிலே எழுதிய கடிதமொன்றில் இத்தகைய முறையை விளக்கி, அரைத் தூக்கத்திலும் இதனைச் செய்யலாம் என வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

சிறியதோர் உதாரணத்தாற் காண்போம்.

4க + ச = 9
க + 3ச = 5

தொடக்கத்தில் க, ச இரண்டையும் பூச்சியம் எனக் கொண்டால் மீதிகள் 9, 5 ஆகும். முதற் சமன்பாட்டிலிருந்து க = 2.25; அதனை இரண்டாவதிலே இட, ச = 0.9167. இப்பொழுது இரண்டாவதில் மீதியில்லை. முதலாவதின் மீதி, குறியை விடுத்து நோக்கின், 0.9167. மறுசுற்றில் அது 0.0764, அதன் மறுசுற்றில் 0.0064. சுற்றுத்தோறும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைய, க 2ஐயும் ச 1ஐயும் அணுகுகின்றன. இதுவே ஒருங்கல். அச்சமன்பாடுகளையே முறைமாற்றி, இரண்டாவதிலிருந்து கவையும் முதலாவதிலிருந்து சவையும் கண்டு சென்றால், முதற் சுற்றில் 5, –11. அடுத்ததில் 38, –143 என விடைகள் எல்லையின்றி விரிந்தோடும். வினா ஒன்றே, செல்லும் நெறியே வேறு.

மீதிக்குப் பௌதிகப் பொருளும் உண்டு. 1935ஆம் ஆண்டளவில் ஒக்ஸ்போட்டுப் பேராசிரியர் சவுத்வெல், சட்டகங்களின் தகைப்பைக் காண முற்பட்டபோது, ஒவ்வொரு மூட்டிலும் சமப்படாது நிற்கும் விசையாகவே மீதியைக் கருதினார். அவ்விசையைக் கற்பனைத் தாங்கி ஒன்று ஏற்று நிற்பதாகக் கொண்டு, சுமை மிகுந்த மூட்டை முதலில் தளர்த்தி, பின்னர் அடுத்ததைத் தளர்த்தி, ஈற்றில் எல்லாத் தாங்கிகளும் சுமையற்றுப் போகுமாறு செய்தார்.

இன்றைய மென்பொருள்கள், சுற்றுக்குச் சுற்று மீதி குறைவதை மடக்கை அளவில் வரைந்து காட்டுகின்றன. கோடு சீராக இறங்கினால் நன்று. ஏறினால் நெறி தவறியது. இறங்காமல் அலைந்தால், வலையின் கண்கள் கோணியிருத்தல் கூடும். அன்றேல் வினாவே பொருந்தாததாதல் கூடும். ஆற்றிலே நிற்குந் தூணின் பின்னே சுழிகள் மாறி மாறித் தோன்றிக் கழிவன. அங்கே காலத்தோடு மாறாத விடையைத் தேடினால் மீதி எங்ஙனம் அடங்கும்?

மீதி அடங்கியதும் ஐயம் ஒழிந்ததெனக் கொள்ளுதலும் ஆகாது. தொடக்க மீதியோடு ஒப்பிட்டு, அது ஆயிரத்திலொரு பங்காகக் குறைந்ததும் கணிப்பை நிறுத்துவோர் உளர். தொடக்க மதிப்பு மிகத் தவறானதாயின், அதன் ஆயிரத்திலொரு பங்கும் பெரிதாயிருக்கலாம். மேலும் பின்வருவதைக் காண்க:

க + ச = 2
க + 1.001ச = 2.001

இதன் விடை க = 1, ச = 1. ஆயினும் க = 2, ச = 0 எனப் பிரதியிடுக. முதலாவதில் மீதியே இல்லை, இரண்டாவதில் 0.001 மாத்திரமே. மீதி அற்பம், பிழையோ முழுதாக ஒன்று! மீதியும் பிழையும் வேறு வேறு என்பது இதனால் தெளிவாகும்.

இன்னும் ஆழமான குறை வலையிலேயே மறைந்திருக்கலாம். 1991ஆம் ஆண்டு ஓகத்து 23ஆந் தேதி, நோர்வேயின் சிலைப்னர் எண்ணெய் மேடைக்குரிய பாரிய கொங்கிறீற்று அடித்தளம், சோதனைக்காக நீரினுள் இறக்கப்பட்டபோது சுவர் பிளந்து மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை; நட்டமோ ஏறக்குறைய 70 கோடி அமெரிக்க டொலர். கணிப்பிலே பயன்படுத்திய வலை, சுவர்கள் கூடும் இடங்களுக்குப் பொருந்தாதிருந்தமையால், சுவரை வெட்டிப் பிளக்கும் தகைப்பு 47 வீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. உட்கம்பிகளின் அமைப்பும் போதியதாயில்லை. அங்கே குறை சமன்பாடுகளைத் தீர்த்ததிலன்று, அமைத்ததிலாகும். பின்னர் நுணுக்கமாகச் செய்த கணிப்பு, 62 மீற்றர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீற்றரில். பிழையான சமன்பாட்டிற்குச் செவ்வனே கண்ட விடையிலும் மீதி இராது என்பதை மறத்தலாகாது.

ஆதலின் அறிந்தோர் மீதியோடு வேறு மூன்றையும் நோக்குவர். வேண்டிய கணியம், சான்றாக இறக்கையின் மீதுள்ள விசை, சுற்றுக்குச் சுற்று மாறாது நிலைத்துவிட்டதா? உட்புகும் நீரின் அளவும் வெளியேறும் அளவும் ஒத்தனவா? வலையை நுணுக்கினால் விடை மாறுகின்றதா?

மூன்றாவது வினாவுக்கு வழிகாட்டியவர் ஆங்கில அறிஞர் றிச்சேட்சன். கணனி தோன்றாத 1910ஆம் ஆண்டிலே, கல்லணையொன்றின் தகைப்பைக் கணிக்கப் பையன்களைக் கூலிக்கு அமர்த்தினார். பிழையாகச் செய்ததற்குக் கூலியில்லை. பருவலை விடையையும் நுண்வலை விடையையும் ஒப்பிட்டு எஞ்சிய பிழையை மதிப்பிடலாம் என்று காட்டியவரும் அவரே. கண்ணின் அகலத்தைப் பாதியாக்கப் பிழை காற்பங்காகும் முறையிலே, முதல் விடை 104, அடுத்தது 101 எனின், வேற்றுமையாகிய 3இன் மூன்றிலொரு பங்கைக் கழித்து, உண்மை விடை 100ஐ அடுத்தது எனலாம்.

விடையைப் பிரதியிட்டுப் பார்க்குமாறு நம் ஆசிரியர்கள் கூறியது பொன்னான வார்த்தை. கணனியின் முன் அமரும் இன்றைய மாணவர் அதனோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வாராக: சமன்பாட்டையும் ஒருமுறை பார். மீதியைக் கணனி ஒழிக்கும். பிழையை ஒழிப்பது மனிதனின் கடன்.