வெடிக்கு அசராத குட்டியா? காதைச் சோதியுங்கள்!

தாயில்பட்டிப் பக்கம் கோயில் கொடை, கல்யாணம் எதுவானாலும் வெடிச்சத்தம்தான். அதிலும் அசராமல் தூங்குகிற வெள்ளை நாய்க்குட்டியைப் பார்த்ததும், ‘அடேயப்பா, என்ன தைரியம்! காவலுக்கு இதுதான் சரி’ என்று தூக்கி வந்துவிடாதீர்கள். அதற்குக் காது கேட்காமலே இருக்கலாம்!

நம்ம மாவட்டத்து ராஜபாளையம் நாய் வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. 2005-ல் அதற்குத் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் பால்வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு என்று தேடித் தேடி இனம் சேர்த்ததில் கூடவே வந்த வினை, பிறவிச் செவிடு. உள்காதில் நிறமணுக்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆறு வாரக் குட்டியைத் தனியே பிரியுங்கள். அது பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காற்றோ அதிர்வோ அதன்மேல் படக்கூடாது. சட்டென்று திரும்பினால் நல்லது. ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. அதனால் கால்நடை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

காது கேட்கிற குட்டி வெடிக்குப் பயப்படத்தான் செய்யும். அடிக்காதீர்கள். மெல்லிய சத்தத்தில் ஆரம்பித்து, தீனி கொடுத்துக்கொண்டே பழக்குங்கள்.

செவிட்டுக் குட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ரோட்டில் விட்டுவிடாதீர்கள், லாரி ஹாரன் அதற்குக் கேட்காது. கைச்சாடை காட்டினால் நன்றாகவே பழகும். குட்டி போட மட்டும் விடாதீர்கள்!