மாத்திரையை விட்டுவிடலாமா?



"இன்னும் எத்தனை நாளைக்கு சாமி இந்த மாத்திரை?" மனப்பதற்றத்திற்கு மருந்து உண்போர் பங்குத்தந்தையரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செபக்கூட்டம் முடிந்த கையோடு மாத்திரையைத் தூக்கி எறிவோர் உண்டு. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்போரும் உண்டு. இரண்டுமே ஆபத்தானவை.

இம்மருந்துகள் எல்லாம் ஒரே வகையல்ல. அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை விரைவில் அமைதி தரும். ஆனால் சில வாரங்களிலேயே உடல் அவற்றுக்குப் பழகிவிடும். எனவே பொதுவாக 2 முதல் 4 வாரங்களுக்கே இவை பரிந்துரைக்கப்படுகின்றன. நெடுநாள் உண்டால் மறதி வரலாம். முதியோர் தடுமாறி விழலாம். மதுவுடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. திடீரென நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, வலிப்புகூட வரலாம். இதனால்தான் 2014 முதல் நம் நாட்டில் இவற்றின் விற்பனையை மருந்துக்கடைகள் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டியுள்ளது.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை வேறு வகை. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். குணமான பின்னும் 6 மாதங்களோ அதற்கு மேலோ தொடருமாறு மருத்துவர் சொல்வதுண்டு. இவற்றையும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும்.

நம் ராஜகிரிக் கோட்டையில் ஏறியவர் படிப்படியாகத்தான் இறங்குகிறார். மாத்திரையையும் அப்படியே, மருத்துவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். உடன் மனநல ஆலோசனை, நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, காபி, தேநீரைக் குறைத்தல் ஆகியவை கைகொடுக்கும். எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சை பலருக்கு மருந்துக்கு இணையான பலன் தருகிறது.

செஞ்சிப் பகுதி மக்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ புதுச்சேரி ஜிப்மரையோ அணுகலாம். 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அப்படியானால் செபம்? சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் நோயுற்றவரை மன்றாடச் சொல்கிறது. மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. ஒன்றுக்காக மற்றதைக் கைவிடச் சொல்லவில்லை.

எனவே, மாத்திரை உண்பவரைப் பார்த்து "உனக்கு விசுவாசம் போதாது" என்று நாம் ஒருபோதும் சொல்லாதிருப்போம். அச்சொல்லைக் கேட்டு அவர் மருந்தை நிறுத்தினால், துன்புறப்போவது அவரே. மாறாக, அவருடன் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வோம். அதுவும் செபமே.