லால் பகதூர் சாஸ்திரி

லால் பகதூர் சாஸ்திரி (அக்டோபர் 2, 1904 – ஜனவரி 11, 1966) இந்தியாவின் இரண்டாவது பிரதமர் ஆவார். 1964 ஜூன் 9 முதல் இறக்கும் வரை 19 மாதங்கள் அப்பதவியில் இருந்தார். உணவுப் பற்றாக்குறை, மொழிப் போராட்டம், பாகிஸ்தானுடன் போர் ஆகிய மூன்றும் அந்தக் குறுகிய காலத்திலேயே வந்தன. பாடநூல்களில் அவரைப் பற்றி ஒரு முழக்கமும் ஒரு ரயில் விபத்தும் மட்டுமே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அவர் எடுத்த முடிவுகள் சில தமிழ்நாட்டையும் இலங்கை மலையகத் தமிழரையும் நேரடியாகத் தொட்டவை. எனவே அவரைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நல்லது.

இளமையும் கல்வியும்

சாஸ்திரி இன்றைய உத்தரப் பிரதேசத்தில், வாரணாசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் பிறந்தார். தந்தை சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் அலகாபாத் வருவாய் அலுவலகத்தில் எழுத்தரானவர். மகனுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தாய் ராம்துலாரி தேவி குழந்தைகளுடன் தம் தந்தை வீட்டுக்குத் திரும்பினார். உறவினர் ஆதரவில் வளர்ந்த சிறுவன், வெயில் கொளுத்தும் நாட்களிலும் செருப்பில்லாமல் பல மைல் நடந்து பள்ளிக்குச் சென்றான்.

1921-இல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைத்தபோது, பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்த வேளையில் படிப்பை விட்டு வெளியேறினார். பிறகு காசி வித்யாபீடத்தில் பயின்று 1925-இல் 'சாஸ்திரி' பட்டம் பெற்றார். பலரும் நினைப்பதுபோல் சாஸ்திரி என்பது அவருடைய சாதிப்பெயர் அன்று. சாதியைக் குறிக்கும் பெயரை அவர் முன்பே நீக்கிவிட்டார். படித்த படிப்பின் பெயரே அவரோடு நிலைத்தது.

1928-இல் லலிதா தேவியை மணந்தார். வரதட்சணையாக ஓர் இராட்டையும் சில கஜம் கதர்த் துணியும் மட்டுமே பெற்றுக்கொண்டார். விடுதலைப் போராட்டத்தில் பலமுறை கைதாகி, மொத்தத்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார்.

அமைச்சர் பொறுப்பில்

விடுதலைக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் காவல், போக்குவரத்துத் துறைகளைக் கவனித்த சாஸ்திரி, 1952-இல் மத்திய ரயில்வே அமைச்சரானார். 1956 செப்டம்பரில் மகபூப்நகர் அருகே நடந்த விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர் அளித்த பதவி விலகல் கடிதத்தை நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று, கனமழை வெள்ளம் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தையொட்டிய பாதையை அரித்துவிட, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இம்முறை சாஸ்திரி தம் விலகலில் உறுதியாக நின்றார். விபத்துக்கு அவர் நேரடிக் காரணம் அல்லர் என்று கூறிய நேரு, நாடாளுமன்ற மரபுக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே அதை ஏற்றுக்கொண்டார்.

1961-இல் உள்துறை அமைச்சரானார். ஊழல் தடுப்பு பற்றி ஆராய கே. சந்தானம் தலைமையில் குழு அமைக்கப்பட்டது இக்காலத்தில்தான். அக்குழுவின் பரிந்துரையால் 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவாயிற்று. 1963-இல் காமராசர் திட்டத்தின்படி மூத்த தலைவர்கள் பதவி விலகியபோது சாஸ்திரியும் விலகினார். நேரு மறைந்த பின், காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசர் கட்சியினரிடம் கருத்துக் கேட்டு, சாஸ்திரியைப் போட்டியின்றிப் பிரதமராக்கினார்.

பிரதமராக ஆற்றிய பணிகள்

உணவு: அவர் பொறுப்பேற்றபோது நாடு அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. சி. சுப்பிரமணியத்தை உணவு, வேளாண்மை அமைச்சராக்கி, குறுகிய தண்டுடைய மெக்சிகோ கோதுமை ரகங்களைக் கொண்டுவரும் அவரது திட்டத்துக்குத் துணைநின்றார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. விவசாயிக்கு நியாய விலை கிடைக்க வேளாண் விலைக் குழுவும் அதே மாதம் ஏற்பட்டது. பசுமைப் புரட்சியின் விளைச்சலைக் காண அவர் உயிருடன் இல்லை.

பால்: 1964 அக்டோபரில் குஜராத்தின் ஆனந்த் பகுதிக்குச் சென்ற அவர், அங்கு ஒரு கிராமத்தில் இரவு தங்கி உற்பத்தியாளர்களிடம் பேசினார். அந்தக் கூட்டுறவு முறையை நாடெங்கும் பரப்ப 1965-இல் தேசிய பால்வள வாரியம் ஆனந்திலேயே அமைக்கப்பட்டது.

மொழி: 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துச் சென்னை மாநிலத்தில் மாணவர் போராட்டம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியம், ஓ. வி. அளகேசன் ஆகியோர் பதவி விலக முன்வந்த பின்னரே, பிப்ரவரி 11 அன்று சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என உறுதியளித்தார். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது.

போர்: 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் மூண்ட போரில், லாகூர் நோக்கிப் படைகளை அனுப்ப ஒப்புதல் அளித்தார். 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' முழக்கம் இக்காலத்தில் எழுந்தது. உணவைச் சேமிக்கத் திங்கள்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டார். சில மணி நேரத்தில் அங்கேயே காலமானார். மாரடைப்பே காரணம் என்று அரசு அறிவித்தது. குடும்பத்தினர் பிற்காலத்தில் இதில் ஐயம் எழுப்பினர்.

மலையகத் தமிழரும் ஒப்பந்தமும்

சாஸ்திரியின் ஆட்சியை மதிப்பிடும்போது 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை விட்டுவிட முடியாது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி 1,50,000 பேர் பற்றிய முடிவு தள்ளிவைக்கப்பட்டு, 1974-இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. அண்டை நாட்டுடன் நீண்டகாலமாக நின்ற சிக்கலைத் தீர்த்ததாக அரசுகள் கருதின. ஆனால் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த அந்த மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. குடும்பங்கள் இரு நாடுகளாகப் பிரிந்தன. தாயகம் திரும்பியோர் எனப்பட்டவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன.

மதிப்பீடு

சாஸ்திரி பெரிய சொத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. பிரதமராக இருந்தபோது கார் வாங்க வங்கியில் பெற்ற 5,000 ரூபாய்க் கடனை, அவர் இறந்த பின் மனைவி தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். 1966-இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. மறைவுக்குப் பின் அவ்விருதைப் பெற்ற முதல்வர் அவரே.

மாணவர்கள் அவருடைய எளிமையை மட்டும் படித்து நிறுத்திவிடக் கூடாது. உணவுக் கழகம், பால்வள வாரியம் போன்ற அமைப்புகளுக்கு அடித்தளமிட்ட திறனையும், மொழிச் சிக்கலில் நேர்ந்த தாமதத்தையும், மலையக மக்களுக்கு நேர்ந்த இழப்பையும் சேர்த்துப் படித்தால்தான் அவருடைய 19 மாத ஆட்சியைச் சரியாக எடைபோட முடியும்.