பால்கோவா அடுப்பும் பாடத்திட்டமும்

கல்லூரிக் கல்வியில் படைப்பூக்கம் என்பது கலைவிழா மேடைக்கும் ஓவியப் போட்டிக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டு, பாடம் மட்டும் ஜெராக்ஸ் குறிப்புகளுக்கும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களுக்கும் விடப்பட்டுவிடுவதால், இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் மாணவரிடமும் பெற்றோரிடமும் வேரூன்றியிருக்கிறது. இது தவறான எண்ணம். படைப்பு மனம் முதலில் வேலை செய்ய வேண்டிய இடம் பாடமே.

அமெரிக்க உளவியலாளர் ஜே. பி. கில்ஃபோர்ட், படைப்பாற்றலை முறையாக ஆராய வேண்டும் என்று 1950இல் வலியுறுத்தியதோடு, சிந்தனையை இரு வகையாகவும் பிரித்துக் காட்டினார். ஒரு வினாவுக்குரிய ஒரே சரியான விடையைத் தேடிச் செல்வது குவிசிந்தனை. ஒரு வினாவிலிருந்து பல வழிகளைத் திறப்பது விரிசிந்தனை. தேர்வுமுறை முதலாவதை மட்டுமே பழக்குகிறது. கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வகுத்த கற்றல் படிநிலைகள் 2001இல் திருத்தப்பட்டபோது, ‘படைத்தல்’ உச்சிப்படியில் வைக்கப்பட்டது. அந்தப் படிநிலைக் குறியீடுகள் இன்று வினாத்தாள்களில் வினாவுக்குப் பக்கத்திலேயே அச்சாகின்றன என்றாலும், குறியீடு அச்சாவதால் மட்டும் படைப்பு நிகழ்ந்துவிடுவதில்லை.

பாடத்துக்குள் படைப்பு நிகழ்வதற்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தைப் போன்ற வாய்ப்பான நிலம் அரிது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் நூற்பாலையின் வழியாகத் தொழில் வளர்ந்த ஊரில், 1973இல் ராஜூக்கள் கல்லூரியும் 2013இல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் எழுந்தன; ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. இக்கல்லூரிகளைச் சுற்றியுள்ள தொழில்களில் பாடநூலின் பல அலகுகள் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கின்றன.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்கொள்ளலாம். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். அதை விறகடுப்பில் கிளறிக்கிளறி வற்றவைக்கும்போது பாலின் புரதமும் லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரையும் சேர்ந்து வினைபுரிவதால் இளம்பழுப்பு நிறமும் தனி மணமும் உண்டாகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912இல் விளக்கியதால், இது மையார் வினை எனப்படுகிறது. வேதியியல் மாணவர் இதை வினைச் சமன்பாடாக மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், கிளறும் வேகமும் தீயின் அளவும் மாறினால் நிறம் எவ்வாறு மாறுகிறது என்று அளக்கத் தொடங்கும்போது பாடம் அவருடையதாகிறது. இயந்திரப் பொறியியல் மாணவருக்கு இதே அடுப்பு வேறொரு கேள்வியைத் தருகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும்; இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 10 லிட்டர் பாலிலிருந்து 6 கிலோ நீரை நீக்குவதாகக் கொண்டால், பாலைக் கொதிநிலைக்குச் சூடேற்றுவதையும் சேர்த்துச் சுமார் 16,000 கிலோஜூல் போதும். ஒரு கிலோ உலர்ந்த விறகு தரும் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே. அடுப்பில் உண்மையில் எரியும் விறகு இதைவிட அதிகம் என்பதால், மீதி வெப்பம் எங்கே போகிறது, அடுப்பின் வாயையும் கடாயின் அடியையும் எப்படி மாற்றினால் அது குறையும் என்பவற்றுக்கு எந்தப் பாடநூலின் கடைசிப் பக்கத்திலும் விடை இல்லை. வணிகவியல் மாணவர் அதே விறகுச் செலவை அடக்கவிலைக் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணியும் இத்தகையதே. பஞ்சிழையின் மேல் இயற்கையான மெழுகும், பாவு நூலில் தறிக்காக ஏற்றிய கஞ்சியும் இருக்கும்வரை துணி நீரை உறிஞ்சாது. அவற்றை நீக்கும்போது வெளியேறும் கழிவுநீரைத் தூய்மையாக்குவது சுற்றுச்சூழல் பாடத்தின் உயிருள்ள கேள்வி. மொழி மாணவருக்கோ, தமிழோடு தெலுங்கும் வீட்டுமொழியாக வழங்கும் ராஜபாளையத் தெருக்களே கள ஆய்வுக்குப் போதும்.

இதனால் மனப்பாடம் வேண்டாதது என்று கொள்ளக் கூடாது. படைப்புச் சிந்தனைக்கு ஆயத்தம், உள்ளே ஊறுதல், திடீர்த் தெளிவு, சரிபார்ப்பு என நான்கு கட்டங்களை ஆங்கிலேயச் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ் 1926இல் வகுத்தபோது, ஆயத்தத்தையே முதலில் வைத்தார். உள்ளுறை வெப்பம் இன்னதென்று அறியாதவருக்கு அடுப்பு வெறும் அடுப்பாகவே தெரியும். மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும்தான். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் தொடங்கும் பணியில் எதுவும் ஊறுவதற்கும் இடமில்லை, சரிபார்ப்பதற்கும் நேரமில்லை. இறுதியாண்டு புராஜெக்ட்டைப் பணம் கொடுத்து வாங்கும் வழக்கமோ நான்கு கட்டங்களையும் ஒருசேர விற்றுவிடுகிறது. பட்டப்படிப்பில் நேரும் இழப்புகளில் இதுவே பெரியது.

விதிமுறை இதற்குத் தடையாக இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறையில் எழுத்துத்தேர்வுப் பாடங்களின் 100 மதிப்பெண்ணில் 40 அகமதிப்பீட்டுக்கு உரியது. அதில் தனிப்பணிக்கும் சிறு புராஜெக்ட்டுக்கும் இடமுண்டு. ஆசிரியர்கள் ஒரு பருவத்தில் ஒரேயொரு அசைன்மென்ட்டையாவது, புத்தகத்தைப் பார்த்து எழுத முடியாத, ஊருக்குள் சென்று அளந்தால் மட்டுமே விடை கிடைக்கிற கேள்வியாக அமைக்க வேண்டும். மாணவர்களும் அத்தகைய கேள்வியைத் தாங்களே கொண்டுவந்து ஆசிரியரிடம் கேட்டுப் பெற வேண்டும்.