கரும்பு வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

ஒரு வெள்ளைத்தாளில் ‘5 5 5’ என்று அச்சடித்திருக்கிறது. அதில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்கிறார்கள். விடை மூன்று. ஆனால் வாய் ‘ஐந்து’ என்று சொல்லத்தான் முந்தும். முந்துகிற வாயை நிறுத்தி, எண்ணிப் பார்த்து, ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். அது முடிந்ததும் அடுத்த வரி, அதற்கடுத்த வரி. ஸ்ட்ரூப் சோதனையின் எண் வடிவம் இது. மனக்கட்டுப்பாடு அந்த நேரத்தில் எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்பதை அளக்கும். படிக்க உட்கார்ந்த பிள்ளை கைப்பேசிப் பக்கம் கை போகாமல் இருப்பதற்கும் இதே தெம்புதான் வேண்டும்.

இந்தச் சோதனையை நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 விவசாயிகள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரின் இந்த ஆய்வு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது.

கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் மொத்தமாகக் கைக்கு வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் காசு இருக்காது. நகை அடகுக்குப் போகும், கைமாற்று ஏறும். வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பணம் வந்த பிறகு அதே வீடு நிமிர்ந்து உட்காரும். ஆக, ஒரே மனிதரை ஒரே ஆண்டில் ஏழையாகவும் ஓரளவு வசதியானவராகவும் பார்க்க முடிகிறது. இன்னொரு வசதியும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு (கட்டிங் ஆர்டர்) வராது. ஒருவருக்கு இந்த மாதம் என்றால் பக்கத்து வயல்காரருக்கு இரண்டு மாதம் கழித்து வரலாம். அதனால், வித்தியாசம் தெரிந்தால் அதைப் பருவநிலையின் தலையில் கட்டிவிட முடியாது.

வித்தியாசம் தெரிந்தது. வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் ரேவன் சோதனையில், வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடைகள். வெட்டுக்குப் பின் 5.45. ஸ்ட்ரூப் சோதனையை முடிக்க முன்பு 146 நொடி ஆனது, பின்பு 131 நொடி போதுமாக இருந்தது. தவறுகளும் குறைந்தன. ஆள் மாறவில்லை. பணக்கவலை மனத்தில் பிடித்துவைத்திருந்த இடம்தான் காலியாயிற்று.

இந்த முடிவை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் மக்களைச் சோதித்து, அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை என்றது. என்னைக் கேட்டால், சில நாளில் வந்துவிடும் சம்பளத்துக்குக் காத்திருப்பதும், ஓராண்டு உழைப்பின் பணத்துக்குக் காத்திருப்பதும் ஒரே கவலை அல்ல.

பணக்கவலையைப் போலவே பிள்ளையின் மனத்தை அழுத்தும் இன்னொன்றுக்கு, தேர்வு முடிவு வந்த கையோடு வீட்டுக்கு வீடு எழும் கேள்விக்கு வருவோம். ‘உனக்கு எதில்தான் ஆர்வம்?’ பதினேழு வயதுப் பிள்ளை உள்ளே ஏதோ ஒன்று தயாராக இருக்கிறது என்று நம்பித் தேடுகிறது, கிடைக்காவிட்டால் தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறது. பால் ஓ’கீஃப், கேரல் ட்வெக், கிரிகரி வால்டன் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கும். மாணவர்களுக்குக் கருந்துளை பற்றிய சுவையான காணொளியைக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஆர்வம் பொங்கியது. அடுத்து, அதே பொருளில் கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே அமைந்தது என்று நம்பியவர்களுக்கு அங்கே சட்டென்று வடிந்துவிட்டது. ஆர்வம் வளர்க்க வளர வருவது என்று எண்ணியவர்கள் அந்த அளவுக்குத் தளரவில்லை.

ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் கண்டதும் இதையொட்டியதுதான். ஒரே மாதிரி வேலை பார்த்த 24 நிர்வாக உதவியாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதைச் சம்பளத்துக்கான வேலையாகவும், இன்னொரு பங்கினர் மேலே ஏறும் படியாகவும், மற்றவர்கள் தங்கள் வாழ்வுக்கே உரிய பணியாகவும் பார்த்தார்கள். இந்த மூன்றாம் வகையினர் அந்த வேலையில் அதிக ஆண்டுகள் இருந்தவர்கள்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மரச்சிற்பப் பட்டறைக்குள் நுழைந்தால் இது கண்ணெதிரே நடக்கும். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. புதிதாக வந்த பையன் கையில் உளியைத் தர மாட்டார்கள், உப்புத்தாள்தான். தேய்த்துத் தேய்த்து வாகை மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பிறகு கொட்டாப்புளியால் தட்டி அகலமான சில்லுகளை எடுக்கும் முரட்டு வேலை. முகமும் விரல்களும் கடைசியில்தான். ரேகைக்கு எதிராக உளி போனால் சிலையின் மூக்கு பெயர்ந்துவிடும். கை தேறிய பிறகுதான் ‘இதுதான் என் தொழில்’ என்ற நினைப்பு வருகிறது.

கை தேறுவதற்கு எவ்வளவு நாளாகும்? 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தங்கள் புது முகம் நோயாளிகளுக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பிய எண் அது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை. நேற்று படிக்கவில்லையே என்று இன்றும் புத்தகத்தை மூடிவைக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

திரும்பத் திரும்பச் செய்வதை மூளையின் அடியில் உள்ள அடித்தள முடிச்சுகள் ஒரே கட்டாகக் கட்டிவைத்துக்கொள்கின்றன. எலிகளின் மூளையில் ஆன் கிரேபியல் இதைப் பதிவு செய்திருக்கிறார்: பாதை பழகிய எலிக்கு, ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் நரம்புச் செயல்பாடு துள்ளுகிறது, நடுவில் அடங்கிவிடுகிறது. அந்தத் தொடக்கத்துக்கு ஒரு அடையாளம் வேண்டும்: அதே இடம், அதே நேரம், அதே முந்தைய செயல். ‘இனி ஒழுங்காகப் படிப்பேன்’ என்பதைவிட, ‘ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் இரண்டு கணக்கு போடுவேன்’ என்று முடிவெடுப்பது பலன் தரும் என்பதைப் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன.

அதே இடமும் அதே நேரமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால், 1976 வரை ஜாகிர்தார்கள் எனும் நிலக்கிழார்களின் பிடியில் இருந்த ஊர்கள். மரவள்ளியும் சாமையும் குடும்பத்தை ஆண்டு முழுவதும் தாங்காது. பெற்றோர் பிழைப்புத் தேடி வெளியூர் போகும் மாதங்களில், வீட்டில் பிள்ளை எதைத் தொடர்ந்து செய்ய முடியும்? அங்கே அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் மணிதான் அந்த அடையாளத்தைத் தருகிறது. 2025-இல் இதே மலையின் சேலம் மாவட்டப் பகுதியான கருமந்துறையைச் சேர்ந்த மாணவி ஒருவர் அத்தகைய பள்ளியில் படித்து, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் வென்று சென்னை ஐஐடியில் இடம்பிடித்தார். அவருடைய உழைப்பு அவருடையது. அந்த உழைப்பு தங்குவதற்கு ஒரு கட்டிலும் சோறும் நேரமும் கிடைத்தன என்பதும் உண்மை.

அதனால்தான் உயர்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தில், தொகையைப் போலவே ‘மாதம்’ என்பதையும் முக்கியமாகக் கருதுகிறேன். அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்த பணம் மனத்தில் இடத்தை அடைப்பதில்லை. கரும்பு வீடுகளுக்கு அந்த உறுதி இல்லை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் இருக்கும் இந்த மாவட்டத்தில், மாணவர்களுக்கு ஊக்கவுரை நிகழ்த்த வருகிறவர்கள் பெற்றோருக்காக அந்த 14 நாளைப் பற்றியும் பேச வேண்டும். கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் முன்பே பேச வேண்டும்.