வானில் ஒரு துண்டு இலவசம்

மலிவான ரேடியோ மாட்யூல்கள் எலெக்ட்ரானிக்ஸ் பிரியர்களைக் கவர்கின்றன. ஆனால் விலையைப் பார்க்குமுன் அலைவரிசையைப் பார்ப்பது நல்லது.

டெல்லியில் குளிர்காலம் வந்தால் பத்திரிகைகளில் ஒரு பட்டியல் தவறாமல் இடம்பெறும்: சஃப்தர்ஜங், பாலம், ரிட்ஜ், ஆயாநகர், லோதி ரோடு. எந்த இடத்தில் எத்தனை டிகிரி என்ற கணக்கு அது. அதை வெளியிடும் இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் மௌசம் பவன் இருப்பதும் லோதி ரோட்டில்தான். பட்டியலைப் படிக்கும் மாணவனுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு: நம் வீட்டு மொட்டை மாடியில் எவ்வளவு குளிர்?

அளக்கும் சென்சார் மலிவு. மாடியிலிருந்து வீட்டுக்குள் வயர் இழுப்பதுதான் தலைவலி. அதைத் தீர்க்க வந்தவை தபால்தலை அளவே உள்ள ரேடியோ மாட்யூல்கள். 'என்ஆர்எஃப்24எல்01' சிப் கொண்ட ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தி அனுப்பும்போது அது குடிப்பது 11 மில்லி ஆம்பியர் சொச்சம். தூங்கும்போது ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. எப்போதாவது விழித்துப் பேசினால் போதும் என்றால் பேட்டரி மாதக்கணக்கில் தாங்கும். கேட்பது 3.3 வோல்ட்; ஆசையாக 5 வோல்ட் கொடுத்தால் ஆயுள் அத்தோடு சரி.

இது இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸில். கான்கிரீட் தளங்களைத் தாண்டும்போது இந்த அலை சோர்ந்துவிடும். எனவே பலரும் நாடுவது இன்னும் தாழ்ந்த அலைவரிசையில், மெதுவாக ஆனால் வெகுதூரம் பேசும் 'லோரா' ரகத்தை.

சிக்கல் இங்கேதான். 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கதவு சற்றே திறந்தது 2005இல். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும், 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், சக்தி வரம்புகளுடன் லைசென்ஸிலிருந்து விலக்கு கிடைத்தது. 2021இல் அந்த எல்லை 868 வரை நீண்டது.

ஆனால் கடைகளில் கிடைக்கும் லோரா மாட்யூல்களில் 915 மெகாஹெர்ட்ஸ் ரகமும் உண்டு. அது அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்டது. அங்கே 902 முதல் 928 வரை பொதுவழி. இந்தியாவிலோ 890 முதல் 915 வரை, செல்போன்கள் டவரோடு பேசும் பாதை. மாணவனின் மாட்யூல் அங்கே வாய் திறந்தால் இடைஞ்சல் அக்கம்பக்கத்து போன்களுக்கு. சட்டச் சிக்கல் அவனுக்கு.

பரிகாரம் எளிது. 865-868க்கான மாட்யூலைக் கேட்டு வாங்குங்கள். புரோகிராமில் 866 என்று குறிப்பிடுங்கள். ஆன்டெனாவுக்கு சுமார் எட்டரை சென்டிமீட்டர் வயர் போதும்.

மாடியின் குளிர் வீட்டுக்குள் வந்து சேரும், எண்ணாக மட்டும். வயரும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்.